இரண்டு நாள் ஸ்கீ பயணமா? முதலில் திட்டத்தைப் பாதியாக வெட்டுங்கள்

மலையில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் (காலில் ஸ்கீ என்ற நீளமான மெல்லிய பலகைகளை மாட்டி, சொந்த பலத்தில் உந்திப் பனியில் வழுக்கிப் போவது) என்று முதல்முறை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நடைப்பயணக் கணக்கில்தான் தூரம் போடுகிறார்கள். 20 கிலோமீட்டர்தானே, மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று தோன்றும். புதிதாகப் பழகுகிறவர் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம், விழுந்து எழுகிற நேரம் அதில் சேர்த்தி இல்லை. அதனால் சனிக்கிழமை முழுக்க இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த பாதையிலேயே பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று, அதுவும் மனதில் போட்ட தூரத்தில் பாதி.

சாமான்களை வாடகைக்கு எடுத்தாலே போதும். சரிவில் வேகமாக இறங்குகிற ஸ்கீ வேறு, இது வேறு. இதில் பூட்ஸின் முன்நுனி மட்டும்தான் பூட்டிக்கொள்ளும், குதிகால் தூக்க வரும். இரண்டு பாணிகள் உண்டு: இரண்டு ஸ்கீயையும் இணையாக நேரே முன்னால் வழுக்கவிடுவது கிளாசிக், ஐஸில் சறுக்குகிறவர் மாதிரி பக்கவாட்டில் உந்திப் போவது ஸ்கேட்டிங். முதல் தடவைக்கு கிளாசிக்தான் சரி, ஸ்கேட்டிங் பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்க வைத்துவிடும்.

ஸ்கீயை உயரத்தை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள், உடல் எடைதான் முக்கியம். நடுவில் அது வில் மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். கடையிலேயே சமதரையில் ஏறி நின்று பாருங்கள்: எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கும்போது பாதத்துக்கு அடியில் ஒரு தாளை விட்டு இழுக்க வர வேண்டும், மொத்த எடையையும் ஒரு காலில் போட்டால் அதே தாள் சிக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு காலில் நிற்கும்போதே சிக்கினால் ஸ்கீ வழுக்காமல் தேய்த்துக்கொண்டே வரும். ஒரு காலில் நின்றும் தாள் உருவிக்கொண்டு வந்தால் மேட்டில் பின்னாலேயே சறுக்குவீர்கள். பிடிப்புக்காக அந்த நடுப்பகுதியில் மெழுகு பூசுவார்கள், ஆனால் எந்த மெழுகு என்பது அன்றைய பனியின் வெப்பநிலையைப் பொறுத்து மாறும். அந்த வம்பே வேண்டாம், மீன் செதில் மாதிரி வெட்டு போட்டதையோ பிடிப்புக்கு அடியில் ரோமப் பட்டை ஒட்டியதையோ கேளுங்கள். கையில் ஊன்றுகிற கோல் அக்குளுக்கும் தோளுக்கும் நடுவே வந்தால் போதும்.

இன்னொன்று. ஸ்கீயை இரவு அறைக்குள் வைத்துவிட்டுக் காலையில் அப்படியே பனியில் போட்டேன், என் முதல் பயணத்தில். வெதுவெதுப்பான அடிப்பகுதி பட்டுப் பனி உருகி, உடனே திரும்ப உறைந்து, இரண்டு காலிலும் கட்டி கட்டியாக அப்பிக்கொண்டது. ஸ்கீ போட்டுக்கொண்டு குதிகால் உயர்ந்த செருப்பில் நடக்கிற மாதிரி இருந்தது, சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் போயிற்று. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே வெளியே வைத்து ஆறவிடுங்கள்.

பாதையில் இறங்கியதும் கோல்களை ஓரமாகப் போட்டுவிட்டு 20 நிமிடம் வெறுங்கையோடு ஓட்டுங்கள், பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், பரவாயில்லை. முழங்காலை லேசாக மடக்கி, ஒரு காலில் முழு எடையையும் போட்டு அமுக்கினால் அந்த வில் தட்டையாகிப் பனியைப் பிடிக்கும், அந்தப் பிடியில் உந்தி அடுத்த காலுக்கு மாறி அதன் மேலேயே வழுக்க வேண்டும். இரண்டு காலிலும் எடையைப் பங்குபோட்டுக்கொண்டு நடப்பவருக்குப் பிடிப்பும் கிடைக்காது, சறுக்கலும் கிடைக்காது. அப்புறம் கோலை எடுங்கள், அதன் பிடியில் இருக்கிற வாருக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, வாரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

மேடு வந்தால் முன்நுனிகளை விரித்து, உள்விளிம்பை ஊன்றி ஏறுங்கள். இறக்கத்தில் அதற்கு நேர்மாறு: நுனிகள் கிட்டே, பின்பக்கம் அகலமாக. இந்த ஸ்கீக்கு விளிம்பு கூர்மை இல்லை, பிரேக் கொஞ்சம்தான் பிடிக்கும். பயமாக இருந்தால் கழற்றிவிட்டுப் பாதையின் ஓரமாக நடந்து இறங்குங்கள், ஸ்கீ ஓடுவதற்காகப் பள்ளம் வெட்டிய தடத்தின் மேல் மட்டும் மிதிக்காதீர்கள். விழுவது உறுதி என்று தெரிந்தால் பக்கவாட்டில் உட்காருங்கள். எழும்போது இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவந்து, முழங்காலில் நின்று எழுங்கள். உடனே தடத்தை விட்டு விலகுங்கள், பின்னால் ஒருவர் வந்துகொண்டிருப்பார்.

உடையில் பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையில் ஊறினால் காயாது, நின்ற அடுத்த நிமிடமே நடுக்கம் எடுக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே காற்று புகாத மெல்லிய ஜாக்கெட். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும், கதகதப்பாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். தடிமனான ஜாக்கெட்டும் உலர்ந்த கையுறையும் பையில் இருக்கட்டும், ஓய்வுக்கு நிற்கும்போது போட. தண்ணீருக்குக் குழாய் வைத்த பை எடுத்தால் குழாய் உறைந்துவிடும், தெர்மாஸ்தான் நல்லது. போன் உடம்பை ஒட்டி இருக்கட்டும், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், மூக்குக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள், கருப்புக் கண்ணாடியையும் மறக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சமன்செய்த பாதையை விட்டு வெளியே போவதாக இருந்தால் காலையிலேயே பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவில் மட்டும் இல்லை, அதன் அடிவாரத்திலும் ஆபத்துதான், மேலேயிருந்து சரிவது அங்கேதான் வந்து விழும். திரும்புகிற நேரத்தைக் கிளம்பும்போதே குறித்து, தங்கும் இடத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் வந்ததும், இலக்கு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும், திரும்பிவிடுங்கள்.