மும்பைக்கு ஃப்ளைட் பிடிக்கிறீர்களா? தப்பெல்லாம் தரையில்தான் நடக்கும்

சென்னையிலிருந்து மும்பைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் முதல் தடவை போய்வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஒரு நாள் பூரா வண்டியிலேயே போச்சுங்க" என்பார்கள். டிக்கெட்டில் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நாலு ஆப்பைத் தேடுகிறோம், இறங்கியபின் எங்கே தங்குவது, எப்படிப் போவது என்பதை மட்டும் "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். வேலை விஷயமாக வருஷத்துக்கு நாலைந்து முறை போய்வருகிறவன் நான். கீழே சொல்வதில் பாதி நானே பண்ணிய கூத்து.

முதலில் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையத்திலும் விமானங்கள் இறங்குகின்றன. மும்பை என்று தேடினால் இரண்டு நிலையங்களின் விமானங்களும் கலந்து வரும். பழைய நிலையத்தின் குறியீடு பிஓஎம். ஊர் பெயர் மாறியும் பம்பாய் அதில் அப்படியே இருக்கிறது, நம் சென்னைக்கு எம்ஏஏ இருப்பது போல. புதியதற்கு என்எம்ஐ. அது பன்வேல் பக்கம், உல்வேயில் இருக்கிறது. அந்தேரியில் வேலை இருக்கிறவர் ஐந்நூறு ரூபாய் குறைகிறது என்று அங்கே இறங்கினால் சுமார் 40 கிலோமீட்டர் டாக்சியில் வர வேண்டும். தென் மும்பைக்குப் போக அடல் சேது என்ற கடல் பாலம் வழியாக வந்தால் நேரம் குறையும், ஆனால் காருக்கு ஒரு வழிச் சுங்கமே 250 ரூபாய். பாலத்தில் ஆட்டோவும் பைக்கும் ஏற முடியாது. அதற்காகப் புதிய நிலையமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாஷி, நெரூல், பன்வேல் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தாலோ, அங்கிருந்து புனே போவதாக இருந்தாலோ அதுதான் உங்களுக்கு வசதி.

பழைய நிலையத்திலும் ஒரு பொறி உண்டு. டெர்மினல் 1 சான்டாகுரூஸ் பக்கம், டெர்மினல் 2 சஹாரில். பக்கத்துப் பக்கத்துக் கட்டடம் இல்லை. ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். உள்நாட்டு விமானம் என்றால் டெர்மினல் 1 என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டிலிருந்துமே உள்நாட்டு விமானங்கள் உண்டு, ஒரே நிறுவனத்தின் விமானங்களே இரண்டிலும் பிரிந்து கிடக்கும். போன தடவை 1 என்றால் இந்தத் தடவையும் 1 என்று அர்த்தமில்லை. கிளம்பும் அன்று போர்டிங் பாஸில் போட்டிருப்பதைப் பாருங்கள். செக்-இன் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவது வழக்கம். தப்பான டெர்மினலில் போய் நின்றபின் அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு சின்னது என்பது தெரியும்.

இன்னொரு குழப்பம் பெயரால் வருவது. விமான நிலையத்துக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் பெயர், பழைய விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்துக்கும் (சுருக்கமாக சிஎஸ்எம்டி) அதே பெயர். டாக்சிக்காரரிடம் "சிவாஜி டெர்மினஸ்" என்றால் ஊரின் தெற்கு முனைக்குப் போய்விடுவார். ஏர்போர்ட், டி-ஒன் அல்லது டி-டூ என்று உங்கள் டெர்மினலைச் சொல்லுங்கள், போதும்.

டிக்கெட்டில் பெயர் என்பது நம் ஆட்களுக்கே உள்ள தனிச் சிக்கல். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. புக்கிங் படிவமோ 'லாஸ்ட் நேம்' போடாமல் விடாது. அப்பா பெயர் கண்ணன், உங்கள் பெயர் செல்வி என்று வையுங்கள். ஆதாரில் "செல்வி க" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், டிக்கெட்டில் அவசரத்துக்குச் செல்வி செல்வி என்று போட்டிருப்பீர்கள். வாசலில் காட்டப்போகும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு புக் பண்ணுங்கள். அதில் இனிஷியல் இருந்தால் அந்த எழுத்தையே கடைசிப் பெயராகப் போடலாம். அந்தக் கட்டம் ஒற்றை எழுத்தை ஏற்காவிட்டால் அந்த எழுத்து குறிக்கும் முழுப் பெயரைப் போடுங்கள். தப்பாகிவிட்டால் அன்றைக்கே நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திருத்திவிட வேண்டும். பயணத்துக்கு முந்தின நாள் திருத்தப் போனால் அலைச்சல்தான்.

அடுத்தது, எனக்குப் பிடித்த தவறு. தங்குமிடத்தை வரைபடத்தில் தூரம் பார்த்து எடுப்பது. மும்பை வடக்கு தெற்காக நீண்டு, கிழக்கு மேற்கில் ஒடுங்கிய ஊர். ரயில் பாதைதான் முதுகெலும்பு. ஒவ்வொரு பேட்டைக்கும் ஈஸ்ட், வெஸ்ட் என்று இரண்டு பக்கம். அந்தேரி ஈஸ்டிலிருந்து அந்தேரி வெஸ்டுக்கு வரைபடத்தில் விரல் நீளம்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அதைக் காரில் கடக்கப் பாருங்கள், அப்புறம் பேசலாம். அங்கே குறுக்கே போக மெட்ரோ 1 இருக்கிறது (காட்கோபர், அந்தேரி, வெர்சோவா). கார் வேண்டாம். ஊர் சுற்றத்தான் போகிறீர்கள் என்றால் விமான நிலையம் பக்கம் ரூம் போடாதீர்கள். கேட்வே ஆஃப் இந்தியா, சிஎஸ்எம்டி, மரைன் டிரைவ் எல்லாம் தெற்கே இருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் வழியிலேயே போகும். நம் ஊர் சாப்பாடும் நடுவாந்திர இடமும் வேண்டும் என்றால் மாதுங்கா அல்லது செம்பூர். மாதுங்காவில் காலை இட்லிக்கு வரிசையில் நின்றபோது முன்னாலும் பின்னாலும் தமிழ்க் குரல்தான். கொஞ்ச நேரம் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே மறந்துபோச்சு.

அந்த மாதுங்காவுக்கு முதல் தடவை போன கதையைச் சொல்லிவிடுகிறேன். டெர்மினல் 1-ல் இறங்கி, டாக்சி எதற்கு என்று வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். மீட்டர் போட்டார், சந்தோஷமாக இருந்தது. பாந்த்ரா வந்ததும் ஓரம் கட்டி, "பஸ், யஹீ தக்" (போதும், இது வரைதான்) என்றார். தெற்கே ஆட்டோ போகாது என்பது எனக்கு அப்போது தெரியாது. மேற்கில் பாந்த்ராவோடு சரி, கிழக்கில் சயானோடு சரி, அதற்கப்பால் டாக்சி மட்டும்தான். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் சித்திக்கு அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி டப்பா, தலைக்கு மேல் மே மாத வெயில். கறுப்பு மஞ்சள் டாக்சி ஒன்று நிற்பதற்குள் இருபது நிமிஷம். சித்தப்பா கேட்டுவிட்டு, "ஏன்டா, பாந்த்ராவுக்கு அந்தப்பக்கம் எவனாவது ஆட்டோல வருவானா?" என்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. மெட்ரோ 3, அதாவது அக்வா லைன், 2025 அக்டோபரிலிருந்து ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை முழுதாக ஓடுகிறது. 33.5 கிலோமீட்டர், டெர்மினல் 1-க்கும் 2-க்கும் தனித்தனி நிலையம். சர்ச்கேட், சிஎஸ்எம்டி பக்கம் சுமார் முக்கால் மணியில் போய்விடலாம். சாயங்கால டாக்சியில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் முதல் ரயில் காலை ஆறு மணியை ஒட்டித்தான், கடைசி ரயில் இரு முனையிலிருந்தும் இரவு பத்தரை மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். மலிவு டிக்கெட் பெரும்பாலும் விடிகாலை விமானத்தில்தான் கிடைக்கும். ஐந்தரை மணி விமானத்துக்கு மூன்றரைக்கு வாசலில் நிற்க வேண்டும், மெட்ரோ இராது, இரவுத் தூக்கம் போச்சு, டாக்சிக் காசும் போச்சு. மிச்சம் பிடித்த முந்நூறு எங்கே?

லோக்கல் ரயிலில் ஏற வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதில் ஏறாமல் மும்பை பார்த்ததாகச் சொல்வதில் அர்த்தமில்லை. பெட்டியோடு, ஆபீஸ் நேரத்தில், தப்பான வண்டியில் ஏறாதீர்கள் என்கிறேன். தாதரில் நின்றுகொண்டு அந்தேரி போக வேண்டும் என்று விரார் ஃபாஸ்டில், அதாவது வடக்கே தூரத்து விரார் வரை போகும் வேக வண்டியில், ஏறுவது பெரிய பாவம். விரார்க்காரர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே போகிறவர்கள். நடுவில் இறங்குகிறேன் என்றால் திட்டு விழும், சமயத்தில் இறங்கவே முடியாது. போர்டில் கடைசி நிலையத்தின் சுருக்க எழுத்து, நேரம், ஃபாஸ்டா ஸ்லோவா மூன்றும் இருக்கும். அந்தேரி, போரிவலி என்று குட்டையாக முடியும் வண்டியைப் பாருங்கள். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஒரு பெட்டியில் ஏறி உட்கார்ந்தால் அது ஃபர்ஸ்ட் கிளாஸாக இருக்கும். டிடிஇ வந்து சொல்லுவார்.

மழையைப் பற்றி. நமக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி கார்த்திகை. அந்தக் கணக்கை மும்பைக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே ஜூனிலிருந்து செப்டம்பர். ஜூலையில் மட்டும் சான்டாகுரூஸில் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். சென்னைக்கு ஒரு வருஷத்தில் கிடைப்பதில் பாதிக்கும் மேல் அது. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி விமான நிலையமே மூடிக் கிடந்தது. அது அபூர்வம்தான். ஆனால் பலத்த மழையும் கடல் ஏற்றமும் (ஹை டைட்) ஒரே நேரத்தில் வரும் நாள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. தண்ணீர் கடலுக்கு வடியாது. ஹிந்த்மாதா பகுதி, மிலன் சப்வே, அந்தேரி சப்வே மாதிரித் தாழ்வான இடங்கள் மூழ்கும். மழை மாதத்தில் போவதானால் அன்றைய ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாநகராட்சியே வெளியிடுகிறது. கல்யாணம், இன்டர்வியூ மாதிரித் தவற விட முடியாத காரியம் இருந்தால் முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். விமானம் அகமதாபாத்துக்கோ ஹைதராபாத்துக்கோ திருப்பிவிடப்படுவது மழைக்காலத்தில் அதிசயமில்லை.

கடலில் படகுப் பயணமும் அப்போது நிச்சயமில்லை. எலிஃபன்டா தீவுக் குகைகளுக்குப் போக கேட்வேயில் படகு ஏற வேண்டும், போக ஒரு மணி நேரம். திங்கட்கிழமை அந்தக் குகைகளுக்கு விடுமுறை, கன்ஹேரி குகைகளுக்கும் அப்படியே. சனி, ஞாயிறோடு திங்களைச் சேர்த்து லீவு எடுத்து, மற்ற இடமெல்லாம் முடித்துவிட்டு எலிஃபன்டாவைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்கிறவர்கள்தான் இதில் மாட்டுவது. ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை கடல் ஏறினால் தண்ணீருக்குள் போய்விடும். சித்தி விநாயகர் கோயிலில் செவ்வாய்க்கிழமை வரிசை உங்கள் பொறுமையைச் சோதிக்கும்.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயம். பல நிறுவனங்களில் கைப்பைக்கு 7 கிலோ, செக்-இன்னுக்கு 15 கிலோ என்பதுதான் கணக்கு. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். கொப்பரைத் தேங்காய் எதிலும் கூடாது, எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். ஊறுகாய் கொண்டுபோவதானால் நன்றாகக் கட்டி செக்-இன்னில் போடுங்கள். பருப்புப்பொடியை இதுவரை என்னிடம் யாரும் பிடுங்கியதில்லை.