வெளியே ஒன்றுக்குப் போகத் தயங்கும் வளர்ந்த நாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் நாய் கறுப்பனை எடுத்து வந்தபோது அவனுக்கு நான்கு வயது. காப்பகத்தின் சிமெண்டுத் தரையில் வளர்ந்தவன். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வரிசை வீட்டுக்கு எதிரே உள்ள திடலுக்கு முதல்நாள் கூட்டிப் போனேன். ஈரப்புல்லில் ஒரு காலை வைத்தான், உடனே தூக்கிக்கொண்டான். முக்கால் மணி நேரம் சுற்றியும் ஒரு சொட்டு வரவில்லை. வீடு திரும்பி நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறையில் குளம் கட்டிவிட்டான்.

பக்கத்து வீட்டு அண்ணன் "திமிர்" என்றார். திமிரே இல்லை. எந்தத் தரையில் போய்ப் பழகியதோ அதைத்தான் நாய் கழிப்பிடம் என்று நினைக்கும். புல் அவனுக்குப் புது இடம், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வீட்டுக்குள் ஒன்றுக்குப் போனதற்குத் திட்டுவது. மூக்கைத் தரையில் தேய்ப்பவர்கள்கூட இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். "உள்ளே போகக்கூடாது" என்று நாய்க்குப் புரியாது. "மனிதர் பார்க்கும்போது போனால் ஆபத்து" என்றுதான் புரியும். அப்புறம் வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாம் பக்கத்தில் நின்றால் எப்படிப் போகும்? அடக்கிக்கொண்டு வந்து சோபாவுக்குப் பின்னால் போகும்.

அடுத்தது, போகும்வரை நடத்திக்கொண்டே இருப்பது. புது வாசனையும் மோட்டார் சத்தமும் கவனத்தை இழுத்துவிடும். ஒரே இடத்தில் ஐந்து பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கறுப்பனுக்கு நான் தேர்ந்தெடுத்தது கால்வாய் ஓரத்துச் சிமெண்டு விளிம்பு. அவன் சிறுநீரை ஒற்றி எடுத்த பழைய நாளிதழை அங்கே போட்டேன். அங்கே பழகிய பிறகு நாளிதழைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் பக்கம் நகர்த்தினேன். போய் முடித்த அந்த நொடியே ஒரு துண்டு வெந்த கோழி. வீட்டுக்கு வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது.

ஒன்றுக்குப் போனவுடன் வீட்டுக்கு இழுத்து வராதீர்கள். ஊர் சுற்றப் பிடித்த நாய், போனால் உலா முடிந்துவிடும் என்று அடக்கிக்கொள்ளும். பயந்த நாய்க்கு மட்டும் வீடு திரும்புவதே பரிசு.

வெளியே ஒன்றுக்குப் போகாமல் திரும்பினால் வீட்டில் அவிழ்த்துவிட வேண்டாம். கயிற்றோடு உங்கள் பக்கத்திலேயே வைத்திருந்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி கூட்டிப் போங்கள்.

நேரமும் முக்கியம். கோலாலம்பூரில் மதிய வெயிலில் தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையைச் சில நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அதற்கும் முடியாது. மாலையில் இடி மழை. இங்கே ஏழு மணிவாக்கில்தான் விடிகிறது என்பதால், நாங்கள் ஆறரைக்கே இருட்டோடு கிளம்பிவிடுவோம்.

உள்ளே போன இடத்தை அமோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். அந்த நெடி சிறுநீர் மாதிரியே இருக்கும். செல்லப்பிராணிக் கடையில் சிறுநீர் வாடையைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவம் கிடைக்கும். தண்ணீரைக் குறைப்பதும் வேண்டாம், இந்த வெக்கையில் அது கொடுமை.

சரி, முக்கினாலும் வரவில்லை, இரத்தம் கலந்திருக்கிறது, அல்லது ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நாய் திடீரென்று மாறிவிட்டது என்றால் அது பழக்கப் பிரச்சினையாக இல்லாமல் நோயாக இருக்கலாம். முக்கியும் வராவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

கறுப்பன் புல்லில் முதன்முதலாகப் போனது பதினேழாம் நாள். இப்போதும் பலத்த மழைக்கு மறுநாள் புல் ஓரத்தில் தயங்கி நிற்பான். அன்றைக்குச் சிமெண்டு விளிம்பிலேயே போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.