கண்மட்டக் கோடு முதலில், கட்டடம் பிறகு

பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தையும் ஆழத்தையும் தாளில் காட்டும் முறை, பழக எல்லோரும் பெட்டியை வரைந்துதான் ஆரம்பிக்கிறார்கள். சென்னையில் இருந்தால் மெரினாவுக்குப் போய்விடுவது நல்லது. கண்மட்டக் கோட்டை அங்கே ஊகிக்க வேண்டியதில்லை. கடலும் வானமும் சேரும் கோடே அது. எதிரே ஒருவர் நிற்க, நீங்களும் நின்று பாருங்கள்: தொடுவானம் அவர் முகத்தருகே போகும். மணலில் உட்கார்ந்தால் அவர் இடுப்பளவுக்கு இறங்கிவிடும்.

இதிலிருந்தே அளவு கிடைக்கிறது. உங்கள் கண் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருந்தால், சமதரையில் எந்தத் தூரத்தில் நிற்கும் பொருளிலும் அந்தக் கோடு 5 அடியில்தான் வெட்டும். 3 அடிக் குழந்தையின் தலை, பாதத்திலிருந்து கோடு வரையுள்ள உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கில் வரும். 10 அடிக் கம்பம் கோட்டுக்குக் கீழே எவ்வளவோ மேலேயும் அவ்வளவு. அலையருகே மணல் சரிவதால் அங்கே நிற்பவர்களின் தலை சற்றுத் தாழ்ந்து தெரியும். அதைத் திருத்தாமல் அப்படியே வரையுங்கள்.

அடுத்து மின்சார ரயில் பிளாட்பாரம். ஓரமாக நின்று அதன் நீளவாக்கில் பாருங்கள். தண்டவாளம், பிளாட்பார விளிம்பு, கூரை விளிம்பு எல்லாம் கண்மட்டக் கோட்டில் ஒரே மறைபுள்ளிக்கு, அதாவது இணைகோடுகள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் தெரியும் புள்ளிக்குப் போகும். கண்ணுக்குக் கீழுள்ளவை ஏறிப் போகும், மேலுள்ளவை இறங்கிப் போகும். இவற்றை வெளிறிய கோடு தரும் 2எச் பென்சிலால் அழுத்தாமல் இழுங்கள்.

தூண்களின் இடைவெளியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒவ்வொன்றையும் முந்தையதில் மூன்றில் இரண்டாகக் குறைத்துக்கொண்டே போவது பழைய தவறு. 1435இலேயே இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட்டி அதைக் கண்டித்து எழுதினார். குறையும் விகிதம் தூணுக்குத் தூண் மாறும். ஆகவே கணக்குப் போடாமல் குறுக்குக் கோட்டை நம்புங்கள். முதல் இரண்டு தூண்களை மட்டும் கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளந்து வையுங்கள். முதல் தூணின் நடுவிலிருந்து மறைபுள்ளிக்குக் கோடு இழுத்தால் அது இரண்டாம் தூணின் நடுவைக் காட்டும். இனி முதல் தூணின் உச்சியிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு. அது தூண்களின் அடியைச் சேர்க்கும் தரைக்கோட்டைத் தொடும் இடம் மூன்றாம் தூணின் அடி. இரண்டாம் தூணிலிருந்து இதையே செய்தால் நான்காவது. ஆரம்பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அது பெருகிக்கொண்டே போகும் என்பதால் பென்சில் கூராக இருக்கட்டும்.

தெருமுனைக் கட்டடத்துக்கு இரண்டு மறைபுள்ளிகள். இரண்டையும் தாளின் ஓரங்களிலேயே வைத்துவிடுவதால்தான் முனை கத்தி போலக் கூர்ந்து தெரிகிறது. படத்தைச் சரியாகப் பார்க்க வேண்டிய தூரம் அந்தப் புள்ளிகளின் இடைவெளியில் பாதிக்கு மேல் போகாது. ஏ4 தாளைப் படுக்கவைத்தால் அகலம் சுமார் 30 செ.மீ.; புள்ளிகளை ஓரத்தில் வைத்தால் 15 செ.மீ. தூரத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். தாளை மேசையில் டேப் போட்டு ஒட்டி, அதற்கு வெளியே இருபுறமும், ஒன்றுக்கொன்று 60 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளைக் குறியுங்கள். ஒவ்வொன்றிலும் நூலின் ஒரு முனையை ஒட்டி, இழுத்துப் பிடித்தால் எந்தக் கோட்டின் சரிவும் கிடைத்துவிடும்.

மொபைலை அண்ணாந்து பிடித்து எடுத்த போட்டோவைப் பார்த்து வரையாதீர்கள், சுவர்கள் உள்ளே சாய்ந்திருக்கும்.

மயிலாப்பூர் மாடவீதிக்குப் போனால் கோபுரத்தையும் வரையத் தோன்றும். அது கட்டும்போதே மேல்நோக்கிக் குறுக்கிக் கட்டப்பட்டது. அந்தச் சரிவு விளிம்புகளை மறைபுள்ளிக்கு இழுக்கக் கூடாது. தரையில் அடித்தளத்தின் நாற்கரத்தை வரைந்து, மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்திலிருந்து செங்குத்துக் கோடு எழுப்புங்கள். உச்சியின் நடு அந்தக் கோட்டில் அமையும். நிலைகளின் படுக்கைக் கோடுகள் மட்டுமே மறைபுள்ளிகளுக்கு இறங்க வேண்டும். மேலே போகப் போக அவற்றின் சரிவு கூடும்.