கசீபோவில் மாடலுக்குள் மாடல்: லிடார் கழன்று விழாமலிருக்க

ரோபோக்களைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் பாவனை மென்பொருள் கசீபோ. அதில் வண்டி மாடலுக்குள் லிடார் (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) மாடலைப் பொருத்துவது எப்படி என்று பார்ப்போம். பதிப்பு கசீபோ ஹார்மோனிக், இயங்குதளம் உபுண்டு 24.04. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுவே போதும். பழைய பதிப்பான கசீபோ கிளாசிக்குக்கு 2025 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது, அதற்கு எழுதிய பாடங்களைத் தொடாதீர்கள்.

சிங்கப்பூர் வீவக புளோக்கின் வாய்ட் டெக்கில் (தூண்கள் நிற்கும் திறந்த தரைத்தளத்தில்) ஓடும் பொட்டல வண்டியை எடுத்துக்கொள்வோம். வாய்ட் டெக், வண்டி, லிடார் என மூன்று கோப்புறைகள். ஒவ்வொன்றிலும் மாடலின் பெயர் விவரம் சொல்லும் ஒரு மாடல்.கான்ஃபிக், மாடலையே விவரிக்கும் ஒரு மாடல்.எஸ்டிஎஃப். கசீபோ மாடல்களைத் தேடும் இடமான ரிசோர்ஸ் பாத்தில் இம்மூன்றையும் அடக்கிய தாய்க் கோப்புறையைக் கொடுங்கள். லிடார் கோப்புறையையே கொடுத்தால் மாடல் கிடைக்காது.

வாய்ட் டெக் மாடலை ஸ்டேட்டிக் (அசையாதது) ஆக்குங்கள். தூண்களின் மோதல் வடிவத்துக்கு வெறும் பெட்டி போதும், மெஷ் (நுணுக்கமான முப்பரிமாண வடிவம்) வீண் சுமை.

இனி வண்டியின் கோப்புக்குள் லிடார் மாடலை இன்க்ளூட் என்ற குறியால் சேருங்கள். போஸ், அதாவது இருக்கும் இடமும் சாய்வும், மீட்டரிலும் ரேடியனிலும். இங்கே தருவது லிடாரின் சொந்தக் கோப்பிலுள்ள போஸை மீறும். ஓடவிட்டால் லிடார் தரையில் கிடக்கும். இன்க்ளூட் என்பது இடத்தில் வைப்பது மட்டுமே, ஒட்டுவதல்ல. வண்டியின் கோப்பில் ஃபிக்ஸ்டு ஜாயின்ட் (அசையாத இணைப்பு) ஒன்று தனியாக எழுத வேண்டும்: பேரன்ட் வண்டியின் பேஸ் லிங்க் (லிங்க் என்பது மாடலின் ஓர் உடல் பகுதி), சைல்டு 'லிடார்::லிங்க்'. இரண்டு முக்காற்புள்ளிக்கு முன்னால் வரவேண்டியது இன்க்ளூடில் நீங்கள் சூட்டிய பெயர், கோப்புறைப் பெயரல்ல. முன்னொன்று பின்னொன்று என இரண்டு லிடார் வைத்தால் இரண்டுக்கும் வேறு வேறு பெயர், வேறு வேறு ஜாயின்ட்.

இன்க்ளூடில் மெர்ஜ் (கலந்துவிடு) என்றொரு வசதி உண்டு, அதனால் ஜாயின்ட் தானாக வந்துவிடாது. உள்மாடலின் பெயர் அடுக்கு கரைந்து லிங்குகள் நேரே வண்டிக்குள் சேரும், அவ்வளவுதான். இரண்டாவது லிடாரை அதே வழியில் சேர்த்தால் பெயர்கள் மோதும். நான் மெர்ஜை ஒதுக்கிவிடச் சொல்வேன்.

நிறையையும் நிலைமத்தையும் சொல்லும் இனர்ஷியல் பகுதியை எழுதாமல் விட்டால் கசீபோ நிறை 1 கிலோ, நிலைமத் திருப்புத்திறன் (சுழற்றுவதை எதிர்க்கும் அளவு) மூன்று அச்சிலும் 1 என்று எடுத்துக்கொள்ளும். 6 செ.மீ. கனசதுரத்தில் 0.2 கிலோ லிடாருக்கு திருப்புத்திறனின் உண்மை மதிப்பு ஏறக்குறைய 0.00012. வண்டி திரும்பவே திணறினால் முதலில் இதைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: லிடார் தரவு வருவதற்காக முழுக் காட்சியையும் விவரிக்கும் வேர்ல்டு கோப்பில் சென்சார்ஸ் பிளகினை (கூடுதல் செயல் தரும் துணைநிரலை) மட்டும் சேர்த்தால் வண்டி அந்தரத்தில் நிற்கும். கோப்பில் ஒரு பிளகின் வந்துவிட்டாலே இயல்பாக ஏறுபவை ஏறாது. பிசிக்ஸ், யூசர் கமாண்ட்ஸ், சீன் பிராட்காஸ்டர் மூன்றையும் நீங்களே எழுதிச் சேருங்கள்.