கதையின் போக்கைக் குழந்தையே முடிவு செய்யும் புத்தகங்கள்: எதை வாங்குவது?

இந்தப் புத்தகங்களில் கதை நடுவே ‘இதைச் செய்தால் இந்தப் பக்கம், அதைச் செய்தால் அந்தப் பக்கம்’ என்று வழிகள் வரும்; பிள்ளை ஒன்றைத் தேர்ந்து அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும். அட்டையில் போட்டிருந்த வயதை மட்டும் நம்பி நாங்கள் வாங்கியதுதான் தப்பு. ‘57ஆம் பக்கத்துக்குப் போ’ என்றால் பிள்ளை 75ஐத் திறக்கும். கதை அறுந்துவிடும், புத்தகத்தை மூடி வைத்துவிடும். அதனால் வாங்குமுன் வீட்டிலிருக்கும் ஏதாவது தடித்த புத்தகத்தில் 38, 112, 64 என்று மூன்று பக்கங்களை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் நீங்கள் வாசியுங்கள்; எந்த வழி என்பதை மட்டும் பிள்ளை சொல்லட்டும்.

‘சூஸ் யுவர் ஓன் அட்வெஞ்சர்’ என்ற ஆங்கிலப் புத்தக வரிசையில் 5 முதல் 8 வயதுக்கென்றே ‘டிராகன்லார்க்’ புத்தகங்கள் இருக்கின்றன. பெரிய பிள்ளைகளுக்கான மூல வரிசையில் ‘நீ’, அதாவது கதையின் நாயகனாக வரும் வாசகர், செத்துப்போகும் முடிவுகளும் வரும். கடையிலேயே ‘முற்றும்’ என்று முடியும் பக்கங்களில் நாலைந்தைப் படித்துவிடுங்கள். இரவில் பயப்படும் பிள்ளைக்கு இதுதான் முக்கியமான சோதனை.

‘ஃபைட்டிங் ஃபேன்டஸி’ என்ற வரிசை வேறு ரகம்; பகடை உருட்டிச் சண்டை போட்டுக் கதையை நகர்த்த வேண்டும். பெரும்பாலும் எண் போட்ட 400 பத்திகள், இரண்டு பகடை, பென்சில், ஒவ்வொரு சண்டையிலும் கூட்டல் கழித்தல். மனக்கணக்கு ஓடாத வயதில் கொடுத்தால் கதை நகரவே நகராது.

தப்பான வழி எடுத்துவிட்டோமே என்று அழும் பிள்ளைகள் உண்டு. வழி பிரியும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டுக் காகிதம் செருகச் சொல்லுங்கள், திரும்பி வர இடம் தெரியும். எங்கள் வீட்டில் அழுகை நின்றது அதற்குப் பிறகுதான்.