சேலத்தில் புதிதாகப் பேர் எடுக்க வரும் காபி மாஸ்டர் செய்யக்கூடாத தவறுகள்

வேறு ஊரில் பத்து வருஷம் பாய்லர் முன்னால் நின்று பேர் வாங்கிய மாஸ்டரும் சேலத்தில் கால் வைத்த அன்று புது ஆள்தான். செவ்வாய்பேட்டை மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வருகிறவர் உங்கள் பழைய கடை எது என்று கேட்கமாட்டார். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடிப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வாய் கெடுவதற்குப் பெரும்பாலும் கைத்திறன் குறை காரணமில்லை. பழைய ஊரின் அளவை அப்படியே இங்கே இறக்குவதுதான் காரணம்.

முதலில் தண்ணீர். இங்கே பல கடைகளில் இரண்டு தண்ணீர் புழங்கும். குழாயில் வரும் நாளில் மேட்டூர் காவிரித் தண்ணீர், வராத நாளில் போர் தண்ணீர். மாக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுவை வெட்டியெடுக்கும் ஊர் இது; போர் தண்ணீர் பல இடங்களில் கடினமாகவே இருக்கும். அதிலுள்ள பைகார்பனேட், காபிக்கே உரிய மெல்லிய புளிப்பை அடக்கிவிடும். டிகாஷன் பார்க்கக் கருப்பாக இறங்கும், குடித்தால் சப்பென்று இருக்கும். உடனே தூளைக் கூட்டுவார்கள், கசப்புதான் கூடும். நேற்று நன்றாயிருந்தது இன்று இல்லை என்ற பேச்சு கிளம்புவது இப்படித்தான்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதுங்கள். 100 முதல் 150 வரை இருந்தால் நல்லது. போர் தண்ணீர் 500 காட்டினால் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், அதில் இறக்கும் டிகாஷனில் புளிப்பு தூக்கலாகத் தெரியும், பிடிப்பு இருக்காது. மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். கடினத்தன்மையை அறிய, பாய்லரின் உள்ளே வெள்ளைப் படிவு எத்தனை நாளில் கட்டுகிறது என்று பார்ப்பதே எளிய வழி.

ஏற்காட்டில் வேலை கிடைத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றலாம். கீழே சேலத்தில் கொதித்த தண்ணீரை அரை நிமிஷமாவது ஆறவிட்டு ஊற்றுங்கள்.

அளவைக் கண்ணால் போடுவது அடுத்த தவறு. தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 250 கிராம் தூளுக்கு ஒன்றேகால் லிட்டர் ஊற்றினால் அரை லிட்டர் தூளிலேயே நின்றுவிடும். கைக்கு வருவது முக்கால் லிட்டர். டம்ளருக்கு 25 மில்லி என்றால் 30 காபி. இந்தக் கணக்கு தெரியாமல் நிற்பவர்தான், கூட்டம் கூடியதும் அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாஷனை முதல் டிகாஷனோடு கலப்பார். காலை ஆறு மணிக்குக் கள்ளிச்சொட்டாகக் குடித்தவர் எட்டு மணிக்கு நண்பரோடு வந்து தண்ணிக் காபி குடித்தால், உங்களைப் பற்றி நண்பரிடம் சொன்ன வார்த்தையும் போச்சு. கூட்ட நேரத்துக்கு அரை மணி முன்பே இன்னொரு ஃபில்டரைப் போட்டுவையுங்கள்.

வந்த வாரமே ருசியை மாற்றாதீர்கள். சேர்வராயன் மலையில் 1820-களிலிருந்தே காபி விளைகிறது. அந்த அராபிகா வகைக் காபியை சிக்கரி இல்லாமல் கொடுக்க ஆசை வருவது நியாயம்தான். ஆனால் காபி 60, சிக்கரி 40 என்ற கலவையில் பழகிய நாக்குக்கு அது வெளிறிய காபி. முதல் மாதம் கடையில் ஓடும் கலவையையே சுத்தமாகப் போட்டுக் காட்டுங்கள். பிறகு சிக்கரி இல்லாததைத் தனியாகப் பலகையில் எழுதிக் கொடுக்கலாம். தூள் வாங்கும்போது பாக்கெட்டில் சிக்கரி விகிதத்தைப் படியுங்கள். சட்டப்படி 49 சதவீதம் வரை போகலாம். சிக்கரி கூடினால் அது ஊறி உப்பி ஃபில்டரின் துளையை அடைக்கும். சொட்டு நின்றுபோனதும் கரண்டியால் கிளறிவிடாதீர்கள், மண்டி இறங்கும்.

பால் விஷயம் சுருக்கம். ஒரே பாலை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் காய்ந்த வாடை வரும். சின்னச் சின்ன அளவில் காய்ச்சுங்கள். வெல்லத்தைக் கொதிக்கும் பாலில் போட்டால் திரியும். பாகாகக் காய்ச்சி வடிகட்டி, டம்ளரில் டிகாஷனோடு சேர்த்து, பாலைக் கடைசியில் ஊற்றுங்கள்.

அட்வான்ஸ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய தொகை அட்வான்ஸ் வாங்கி, கழியும் முன்பே அடுத்த கடைக்குத் தாவிய மாஸ்டரின் பேர் ஐந்து ரோட்டிலிருந்து அம்மாபேட்டை வரை ஒரே வாரத்தில் போய்விடும். முதலாளிகள் ஒரே தூள் கடை, ஒரே பால்காரரிடம்தான் பேசிக்கொள்கிறார்கள். முதல் ஆறு மாதம் அட்வான்ஸ் வாங்காமல் வாரக் கூலியில் நில்லுங்கள். பழைய முதலாளியைக் குறை சொல்லவும் வேண்டாம். கேட்பவருக்கு, நாளை நம்மையும் இப்படித்தான் சொல்வான் என்றுதான் தோன்றும்.

ஆடியில் லீவு போடாதீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே தெருவில் இருக்கும். வருஷம் முழுக்க உங்கள் கடைக்கு வராதவர்களும் அன்றைக்கு வருவார்கள். போயே தீர வேண்டிய அவசரம் என்றால், தண்ணீர் அளவும் தூள் எடையும் எழுதிய நோட்டை மாற்று ஆளிடம் கொடுத்து, ஒரு ஃபில்டர் டிகாஷனை அவர் கையால் இறக்கவைத்து, நீங்களே குடித்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.