எல்லோருக்கும் இடமுள்ள ஓய்வுநாள் கூடுகை: நடத்துவது எப்படி

தெற்குக் கலிபோர்னியாவில் ரிவர்சைடு, லோமா லிண்டா பக்கம் அட்வென்டிஸ்டுகளுக்கு, அதாவது வெள்ளி அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை ஓய்வுநாள் ஆசரிக்கும் எங்கள் கிறிஸ்தவச் சபையாருக்கு, பஞ்சமே இல்லை. தெருவுக்குத் தெரு சபை, எங்களுக்கென்று பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி. இருந்தும் சனிக்கிழமை காலையில் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிற அட்வென்டிஸ்டுகள் இங்கே நிறையப் பேர். தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநர்கள், அவர்களைப் பெற்றவர்கள், பெண் போதகர்களுக்கு அபிஷேகம் மறுக்கப்பட்டதைப் பார்த்து மனம் கசந்தவர்கள், ஓய்வுநாள் பள்ளி என்கிற சனிக்கிழமை வேதபாட வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதற்காக ஓரங்கட்டப்பட்டவர்கள். இவர்களை மனதில் வைத்து நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து மலைப்பக்கம் ஒரு விடுதியை வாடகைக்கு எடுத்து, வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு காலை வரை கூடுகிறோம். உங்கள் ஊரில் நீங்களும் நடத்த நினைத்தால், எங்களுக்குக் கைகொடுத்த முறை இது.

எதற்கும் முன்னால் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். வருகிற யாருடைய வாழ்க்கையும் அங்கே விவாதப் பொருள் கிடையாது. முற்போக்கு அட்வென்டிஸ்டுகளுக்கு ஒரு வியாதி உண்டு. எதற்கெடுத்தாலும் நாலு பேரை மேடையில் உட்காரவைத்துக் கருத்தரங்கு நடத்திவிடுவோம். 'வேதமும் தன்பாலீர்ப்பும்' என்று தலைப்புப் போட்டு, பேசுகிறவர்கள் எல்லோரும் நம் பக்கமே பேசினாலும், முன்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது தன் மேல் நடக்கிற வழக்குதான். தீர்ப்பு சாதகமாக வந்தாலும் வழக்கு வழக்குதானே. ஓய்வுநாள் என்றால் ஓய்வு. கருத்தரங்கை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பும் ரகசியமும்

'அனைவரும் வருக' என்று எழுதினால் போதாது. எல்லாச் சபை வாசலிலும் அந்தப் பலகை தொங்குகிறது. வாசலுக்கு உள்ளே என்ன நடக்கும் என்பதை அழைப்பிலேயே பச்சையாக எழுதிவிடுங்கள்: தம்பதிகள் யாராக இருந்தாலும் தம்பதிகளாகவே வரலாம், ஒரே அறையில் தங்கலாம், திருவிருந்தைப் பெண் போதகர் நடத்துவார், சபையை விட்டுப் போனவர்களும் வரலாம், ஜெபிக்க வராதவர் ஜெபிக்க வேண்டியதில்லை, யாரையும் 'மாற்ற' இங்கே ஜெபம் நடக்காது. இவ்வளவும் வெளிப்படையாக இருந்தால்தான் பயந்தவர்கள் பெயர் கொடுப்பார்கள். சண்டை போட வருகிறவர்களும் தாமாகவே விலகிவிடுவார்கள்.

இது சபையின் அதிகாரபூர்வ நிகழ்ச்சி அல்ல, கான்ஃபரன்ஸ் (சபையின் வட்டார நிர்வாகம்) பணம் இதில் இல்லை என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். பெயர் விஷயத்தில் எங்களுக்கு முன் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். 1976-ல் இதே தெற்குக் கலிபோர்னியாவில் தொடங்கிய எஸ்டிஏ கின்ஷிப், பால்புதுமை அட்வென்டிஸ்டுகளின் அமைப்பு. 1980-ல் அரிசோனாவில் முதல் முகாமை நடத்தினார்கள். பிறகு, எங்கள் பெயரை நீங்கள் எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று சபைத் தலைமை அவர்கள் மேல் வழக்குப் போட்டது. 1991-ல் நீதிமன்றம் கின்ஷிப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு வாரக்கடைசிக் கூடுகைக்கு அத்தனை தலைவலி தேவையில்லை. விடுதியின் பெயரையோ மலையின் பெயரையோ வைத்துக்கொண்டால் போதும்.

ரகசியம் என்பது இங்கே பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். வருகிறவர்களில் சபைப் பள்ளி ஆசிரியர் இருப்பார், போதகர் இருப்பார். ஒரே ஒரு புகைப்படம் கான்ஃபரன்ஸ் அலுவலகத்துக்குப் போனால் அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே வாட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம். குழுவில் சேர்ந்த நிமிடமே எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெயில் அனுப்புங்கள். பதிவுப் படிவத்தை ஒரே ஒருவர் மட்டும் வைத்திருக்கட்டும். பெயர்ப்பட்டையை அச்சடிக்காமல் வெறும் அட்டையும் பேனாவும் வைத்தால், அவரவர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார்களோ அப்படி எழுதிக்கொள்வார்கள். புகைப்படம் எடுக்க வேண்டுமா, மலையை எடுங்கள், சாப்பாட்டை எடுங்கள்.

தேதி, இடம், பணம்

தேதி பார்க்கும்போது பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி சூரிய அஸ்தமன நேரத்தைப் பாருங்கள். எங்கள் பக்கம் டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். வேலை முடித்து மலையேறுகிறவர்களுக்கு ஓய்வுநாள் நடுவழியிலேயே பிறந்துவிடும். அதைப் பொருட்படுத்தாதவர்கள் உண்டு. ஆனால் சபையே வேண்டாம் என்று போய், அஸ்தமனத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஆட்களும் எங்களில் உண்டு. மே மாதம் நடுவில் ஏழே முக்கால் வாக்கில்தான் அஸ்தமனம். அதுதான் சௌகரியம். காலாண்டின் பதின்மூன்றாம் ஓய்வுநாளைத் தவிர்த்துவிடுங்கள். அன்று அவரவர் சபையில் பிள்ளைகள் நிகழ்ச்சி, விசேஷக் காணிக்கை என்று ஏதாவது பொறுப்பு இருக்கும். வராவிட்டால் 'எங்கே போனாய்' என்று கேள்வி வரும்.

சபைக்குச் சொந்தமான முகாம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனாலும் வேண்டாம். வெளியார் விடுதி எடுத்தாலும் ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். தம்பதிகள் தங்குவது பற்றி விதி ஏதாவது இருக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஒருவர் மட்டும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிற கழிவறை குறைந்தது இரண்டாவது வேண்டும். நான் நர்ஸ் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: எங்கள் பக்கத்து மலைமேல் இருக்கிற பிக் பேர் ஏரிப் பக்கம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். இதய நோய், மூச்சுத் திணறல் உள்ள பெரியவர்கள் வருவதாக இருந்தால் தாழ்வான இடமாகப் பாருங்கள்.

அறை ஒதுக்கும் படிவத்தில் ஆணா பெண்ணா என்று கேட்காமல், 'யாரோடு தங்க விரும்புகிறீர்கள், யாரோடு முடியாது' என்று கேளுங்கள். அறைச் சிக்கல் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

பணத்தை வியாழக்கிழமைக்குள் வாங்கி முடித்துவிடுங்கள். ஓய்வுநாளில் கொடுக்கல் வாங்கல் கூடாது. முழுக் கட்டணம், பாதிக் கட்டணம், இலவசம் என்று மூன்று வைத்து, யார் எதைத் தேர்ந்தாலும் காரணம் கேட்காதீர்கள். முப்பது பேருக்கு மேல் சேர்க்கவும் வேண்டாம். அதைத் தாண்டினால் ஒலிபெருக்கி வந்துவிடும், ஒலிபெருக்கி வந்தால் பின்னாலேயே பேச்சாளர் வந்துவிடுவார்.

சாப்பாடு

தாராளவாதியோ பழைமைவாதியோ, அமெரிக்க அட்வென்டிஸ்டுகள் அத்தனை பேரும் ஒத்துப்போகிற ஒரே கோட்பாடு ஹேஸ்டாக். தட்டில் சோளச் சிப்ஸ், அதன்மேல் வெந்த பீன்ஸ், கீரை, தக்காளி, சீஸ், ஆலிவ், சல்சா என்று குவித்துக்கொண்டே போக வேண்டியதுதான். அவரவர் தட்டை அவரவர் கட்டிக்கொள்வதால் பால் சாப்பிடாதவர், கோதுமை ஆகாதவர் யாரும் தனியாக எதையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. முப்பது பேருக்கு இரண்டு கிலோ காய்ந்த பீன்ஸ், மூன்று கிலோ சிப்ஸ், மூன்று கிலோ தக்காளி, இரண்டு கிலோ சீஸ் வாங்கினால் தாராளமாக வரும். வியாழன் இரவு பீன்ஸை ஊறப்போட்டு, வெள்ளியன்று வேகவைத்து, சனிக்கிழமை சூடு மட்டும் பண்ணுங்கள். எங்கள் குடும்பம் தமிழ்நாட்டு நாசரேத் பக்கம். அம்மா வெள்ளிக்கிழமை மத்தியானமே ஓய்வுநாள் சமையலை முடித்து மூடிவைத்துவிடுவார்கள். அதே முறைதான். விடுதிச் சமையல்காரரையும் சனிக்கிழமை வேலை வாங்காதீர்கள். நாலாம் கற்பனையில் வேலைக்காரருக்கும் ஓய்வு சொல்லியிருக்கிறது, பாத்திரத்தை நாமே கழுவலாம்.

கொண்டுவருகிற ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பக்கத்தில் சீட்டு எழுதி வையுங்கள். அட்வென்டிஸ்ட் வீட்டுச் சைவச் சமையலில் முந்திரியும் கோதுமைப் புரதமும் எதில் ஒளிந்திருக்கும் என்று சொல்லவே முடியாது. டின்னில் வருகிற 'சைவ இறைச்சி' பலவும் கோதுமைப் புரதம்தான். அப்புறம் காபி. எங்கள் சபையை நிறுவியவர்களில் ஒருவரான எலன் ஒயிட் அம்மையார் காபி, டீ இரண்டையும் கூடாது என்று எழுதியிருக்கிறார். இன்றைக்குப் பாதிப் பேர் குடிக்கிறார்கள், அதிலும் பாதிப் பேர் ஒளித்துக் குடிக்கிறார்கள். மேஜையின் ஒரு ஓரத்தில் காபியையும் பக்கத்திலேயே வறுத்த தானியப் பானத்தையும் வைத்துவிட்டு, அதைப் பற்றி யாரும் ஜோக் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி இரவும் சனி காலையும்

வெள்ளி இரவு சூப், ரொட்டி, இரண்டு பாட்டு. மெழுகுவர்த்தி ஏற்ற ஆசை இருக்கும், ஆனால் காட்டுத்தீக் கட்டுப்பாடு உள்ள மலையில் பாட்டரி விளக்குதான். இரண்டு அட்வென்டிஸ்டுகள் சந்தித்தால் முதல் கேள்வி 'எந்தச் சபை', இரண்டாவது 'எந்தக் காலேஜ்'. சபையிலிருந்து பெயர் நீக்கப்பட்டவருக்கு முதல் கேள்வியே குத்தும். வரவேற்கிறவர்களிடம் சொல்லிவையுங்கள்: 'ரோடு எப்படி இருந்தது?' என்று கேட்டாலே போதும்.

சனி காலை ஓய்வுநாள் பள்ளி. ஏழெட்டுப் பேராக வட்டமாக உட்காருங்கள். நாங்கள் அடிக்கடி எடுப்பது ஏசாயா 56. ஓய்வுநாளை ஆசரிக்கிற அண்ணகர்களுக்கு (விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு) குமாரர் குமாரத்திகளைவிட மேலான பெயரை என் வீட்டில் கொடுப்பேன், அந்நியர்களை என் பரிசுத்த பர்வதத்துக்குக் கொண்டுவருவேன் என்று கர்த்தர் சொல்கிற அதிகாரம். ஓய்வுநாளையும், ஆலயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் ஒரே மூச்சில் பேசுகிற இந்தப் பகுதியை எங்கள் சபைகளில் நான் பிரசங்கமாகக் கேட்டதில்லை. இரண்டு தடவை வாசியுங்கள், கொஞ்சம் மௌனமாக இருங்கள், பிறகு விருப்பமுள்ளவர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசட்டும். ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் பதில் சொல்லக்கூடாது என்பது மட்டும்தான் விதி. தன்பாலீர்ப்பைக் கண்டிக்க வழக்கமாக எடுத்துக்காட்டப்படும் ரோமர் முதல் அதிகாரத்துக்கு யாராவது வண்டியைத் திருப்பினால், நடத்துகிறவர் சிரித்த முகத்தோடு திரும்ப ஏசாயாவுக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வையுங்கள். எந்நேரமும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், இருவருக்கும் பின்னணிச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

கால் கழுவுதல்

அதிக நேரம் எடுத்துத் திட்டமிட வேண்டியது இதைத்தான். திருவிருந்துக்கு முன் ஒருவர் காலை ஒருவர் கழுவுவது எங்கள் சபை வழக்கம், யோவான் 13-ல் உள்ளபடி. பெரும்பாலான சபைகளில் ஆண்கள் ஒரு அறைக்கும் பெண்கள் ஒரு அறைக்கும் பிரிந்து போவார்கள். திருநர் ஒருவருக்கு அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எந்தக் கதவு? அதற்காகவே திருவிருந்து ஓய்வுநாளில் சபைக்குப் போகாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரே அறை வையுங்கள். யாரோடு என்பதை அவரவரே முடிவு செய்யட்டும். காலைத் தொடவிட மனமில்லாதவர்களுக்காக ஒரு மூலையில் கை கழுவ ஜாடியும் கிண்ணமும் வையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்க நாற்காலியும் இருக்கட்டும். மூன்றும் ஒன்றுதான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் ஐந்தாறு கையிருப்பு. கிண்ணத்து நீர் சீக்கிரம் ஆறிவிடும். ஒருவர் கெட்டிலோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஊற்றுமுன் தன் மணிக்கட்டில் சூடு பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சிலருக்குப் பாதத்தில் சூடு தெரியாது. முழங்கால் வலிக்காரர்களுக்குத் தரையில் தலையணை உதவாது, குட்டை ஸ்டூல் வேண்டும். ஏற்பாட்டாளர்களில் இரண்டு பேர் கடைசிவரை ஜோடி சேராமல் நில்லுங்கள். தனியாக யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, 'நான் உங்களுக்குச் செய்யட்டுமா?' என்று போய்க் கேட்பதுதான் அவர்கள் வேலை.

திருவிருந்தைப் பெண் போதகர் நடத்தட்டும். அதை ஒரு புரட்சி மாதிரி அறிவிக்காதீர்கள். 2015-ல் சான் அன்டோனியோ உலக மாநாட்டில், பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்வதை அந்தந்தப் பிராந்தியமே முடிவு செய்யலாமா என்ற கேள்வி 977-க்கு 1,381 என்ற கணக்கில் தோற்றது. ஆனால் எங்கள் பகுதிச் சபைகளின் தலைமையமைப்பான பசிபிக் யூனியன் 2012-லேயே ஆண் பெண் பேதம் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. 2013-ல் எங்கள் கான்ஃபரன்ஸுக்கு சாண்ட்ரா ராபர்ட்ஸ் என்ற பெண்மணியே தலைவரானார். இங்கே பெண் போதகர் அப்பம் பிட்பது ஒன்றும் அதிசயமில்லை. அவர் பாட்டுக்குத் தம் வேலையைச் செய்யட்டும்.

அப்பம் புளிக்காதது: கோதுமை மாவு, எண்ணெய், உப்பு, தண்ணீர். கோதுமை ஆகாதவர்களுக்குத் தனி மாவில் சுட்டுத் தனித் தட்டில் வையுங்கள். ரசம் புளிக்காத திராட்சை ரசம். மீந்த அப்பத்தைச் சிலர் எரிப்பார்கள், மலையில் அது முடியாது. மண்ணில் புதைத்து, ரசத்தையும் அங்கேயே ஊற்றிவிடுங்கள்.

மத்தியானம், அப்புறம் ஞாயிறு

சனி மத்தியானத்தைக் காலியாக விடுங்கள். நடக்கிறவர் நடக்கட்டும், தூங்குகிறவர் தூங்கட்டும். பேச வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு தனி அறையும், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரும் இருந்தால் போதும். போதகரை அந்த வேலைக்குப் போடாதீர்கள். யாராவது உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சுப் பேசினால் தனியே விடாமல் கூடவே இருந்து 988-ஐ அழையுங்கள். மலையில் சிக்னல் கிடைக்கிற இடம் எது என்று முன்னாலேயே பார்த்து வைத்திருங்கள். வேறு நாட்டில் நடத்துகிறீர்கள் என்றால் அங்குள்ள உதவி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்குத் தனி வட்டம் வேண்டும். பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைத்தால் பெற்றோர் அழ ஆரம்பிப்பார்கள், பிள்ளைகள் தேற்ற ஆரம்பிப்பார்கள். வீட்டில் வருஷக்கணக்காக நடக்கிற அதே வேலையை இங்கே வந்தும் அந்தப் பிள்ளைகள் ஏன் செய்ய வேண்டும்?

அஸ்தமனத்துக்கு ஒரு பாட்டு, ஒரு ஜெபம். அப்புறம் பாப்கார்னும் ரூக் சீட்டும். ராஜா ராணி படம் இல்லாத சீட்டு என்பதால் பழைய அட்வென்டிஸ்டுகளுக்கும் ஆட்சேபணை இருக்காது.

ஞாயிறு காலை டிபன் முடிந்ததும் வரவு செலவை எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். மீதிப் பணம் அடுத்த தடவை இலவசமாக வருகிறவர்களுக்கு. துண்டுகளை இரண்டு வீட்டுக்காரர்கள் பங்கு போட்டுத் துவைக்க எடுத்துப் போகட்டும். பதிவுப் படிவத்தை அந்த வாரமே அழித்துவிடுங்கள், போனிலிருந்தும் சேர்த்து. அடுத்த கூடுகைக்கு அழைப்பு வேண்டும் என்கிறவர்கள் தாங்களே மெயில் அனுப்பட்டும்.